சண்டைப் படம் – அழிக்காதே

1

இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், ஒன்பது வருடமாகக் கட்டிக்காத்த ஒரு பொய் போன மாதம் பிடிபட்டதுதான். வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

பொய்யை அக்கா மகளிடம் சொன்னேன். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. "மாமா, அம்மா குரல் இருக்கிற பழைய வீடியோ கேசட் ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே?" என்று கேட்டாள். "அதுவா? பூஞ்சை பிடிச்சுப் போச்சு. எப்பவோ தூக்கிப் போட்டாச்சு," என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

போன மாதம் நான் வீடு மாறினேன். சாமான் கட்ட வந்த அக்கா மகள் அலமாரி உச்சியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே, என் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையும் போட்டு, கேசட். ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. முதுகில் அக்காவின் பதினைந்து வயதுக் கையெழுத்து: "சண்டைப் படம் – அழிக்காதே."

"அப்போ இது என்ன மாமா?"

பதினொரு புத்தகம் எழுதியவன் நான். ஸ்வெட்டரை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அதற்கடுத்து நடந்ததையெல்லாம் கதையாக எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். என் புத்தகங்களும் அவள் பென்சிலுக்குத் தப்பியதில்லை. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள்: "எழுது. எனக்குக் காட்டிட்டு அனுப்பு. நான் ஓரத்துல எழுதறதை நீ அழிக்கக் கூடாது."

ஆகவே, பகர அடைப்புக்குள் வருவதெல்லாம் அக்கா. வளைந்த அடைப்புக்குள் புலம்புவது நான்.

[புலம்பல் கொஞ்சம் குறைவா இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது."

[எந்த மழை? வெயில் மண்டையைப் பிளந்துச்சு.]

இரண்டாவது தொடக்கம்: "ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல்"

[நீ அன்னைக்கு ஊர்லயே இல்லை. வெளிநாட்டுல புத்தகக் கண்காட்சியில இருந்த.]

உண்மை. அதனால் அந்த வாக்கியத்தை அப்படியே அனாதையாக விடுகிறேன். நடந்ததை நேராகச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இருபத்தேழு வயதில் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு சுரப்பியை எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதில் அடிபட்டது. அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக அவள் பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் வார்த்தை புரியும். போனில் ஒன்றும் கேட்காது. அந்த ஐந்து மாதக் குழந்தைதான் அக்கா மகள். அம்மாவின் குரல் அவள் காதில் விழுந்திருக்கும். ஞாபகத்தில் இல்லை.

வேறு எங்கேயும் அந்தக் குரல் பதிவாகவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கல்யாண வீடியோ இருக்கிறது. அதை எடுத்த புண்ணியவான் மனிதர் பேசும் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, மூன்று மணி நேரத்துக்கும் ஒரே புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்டார். அதில் அக்கா வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். மீதி இருந்தது இந்த ஒரு கேசட்.

மூன்றாவது தொடக்கம், அந்தக் குரலை வர்ணித்து: "அக்காவின் குரல் கணீரென்று" (இது மணிக்குச் சொல்வது.) "அக்காவின் குரல் குயில்"

[உதை விழும்.]

அக்கா மகள் சின்ன வயதிலிருந்தே என்னிடம் கேட்டு வந்தது ஒரே கேள்வி. "அம்மா குரல் எப்படி இருக்கும் மாமா?" நான் எழுத்தாளன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். "நல்லா இருக்கும்மா," என்று மட்டும்தான் நான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.

3

இனி படம்.

எண்பதுகளில் வந்த வெளிநாட்டுச் சண்டைப் படம். எந்த மொழி என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கேசட்டில் பெயர் அச்சிட்ட தாள் கிழிந்து போயிருந்தது. கதாநாயகனுக்குக் கழுத்தே கிடையாது, தலைக்குக் கீழே நேராகத் தோள்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் "தோள்". இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த வில்லன் "கண்ணாடி". தோளின் தம்பியைக் கண்ணாடி கொன்றுவிடுகிறான். தோள் நெற்றியில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் பீப்பாய்கள் வெடிப்பது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புப் பயிற்சி கொடுப்பவர். பயிற்சிப் படங்களுக்குத் தமிழில் குரல் சேர்க்கும் வேலையும் அவருடையது. அதற்கான வீடியோ டெக் ஒன்று, மைக்கோடு, கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் இருந்தது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்திப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினால் படம் அப்படியே இருக்கும், பழைய சத்தம் போய் நம் சத்தம் உட்காரும். அப்பா ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதிவு தொடக்கம். திங்கட்கிழமை, மாலை ஐந்து இருபது. பேசுவது பயிற்சிப் பிரிவு," என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வீட்டில் எங்களுக்குப் பதிவு என்றால் அதுதான் பதிவு. அதைச் சொல்லாமல் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாது என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் அக்கா முழுப் படத்துக்கும் தமிழில் குரல் கொடுத்தாள். தோள் அவள்தான், கண்ணாடி அவள்தான். தோளைக் காதலிக்கும் நர்ஸ், போலீஸ் அதிகாரி, ஹெலிகாப்டர் எல்லாம் அவள். பிஸ்கட் டின்னைத் தட்டிக் குண்டு வெடிக்க வைத்தாள். மொழி தெரியாததால் வசனமெல்லாம் சொந்தம். கண்ணாடி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசும் இடத்தில், "சீக்கிரம் செத்துத் தொலைடா, எனக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை," என்று போட்டாள்.

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. யார் செத்தாலும் "ஆ" என்று கத்த வேண்டும்.

நான் முப்பத்து நாலு தடவை செத்தேன்.

[முப்பத்து மூணு. பாலத்துல விழறவன் கத்தலை, நான்தான் கத்தினேன்.]

4

இப்போது வரும் பையன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு வயது. முன்பல் கொஞ்சம் உடைந்தவன். அவன் செய்த காரியத்துக்கு என்ன காரணம் எழுதினாலும் பொருந்தி வருகிறது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

நடந்தது இது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வகுப்புப் பையன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து படம் பார்த்தார்கள். அக்கா குரலில் தோள் பேசப் பேசச் சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள். முடிந்ததும் ஒருத்தன் கேட்டான்.

"இதுல நீ எங்கடா இருக்க?"

"செத்தவங்க எல்லாம் நான்தான்."

அன்றைக்கு அதற்குத்தான் மிகப் பெரிய சிரிப்பு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் "டேய் பொணம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் பத்தாம் வகுப்பு வரைக்கும் கூடவே வந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா தொழிற்சாலையில், அம்மா சித்தி வீட்டில், அக்கா மதியம்வரை டைப்ரைட்டிங் வகுப்பில். பையன் அறைக் கதவைச் சாத்தினான். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, தோளாகவும் கண்ணாடியாகவும் நர்ஸாகவும் அவனே பேசினான். அவன் பேசப் பேச அக்கா அழிந்துகொண்டே போனாள்.

(இந்தக் கடைசி வாக்கியம் அழகாக இருக்கிறது, அதனால் வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். நடந்ததும் அதுதான் என்பதால் இருக்கட்டும்.)

அந்த வருடம் அக்காவுக்குப் பத்தாம் வகுப்பு. டெக் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனது. கேசட்டை யாரும் கேட்கவில்லை. தப்பித்தோம்டா என்று பையன் நிம்மதியானான். பன்னிரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டு ஹோட்டல் அறையில் போன் வந்தது. அக்காவுக்கு இனி குரல் வராதாம் என்று அம்மா அழுதாள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சிவப்புப் பொத்தான்தான்.

எங்கே நிறுத்தினேன் என்பது எனக்கு மறந்து போயிருந்தது. முழுப் படத்தையும் பேசி முடித்தேனா, பாதியில் அலுத்துப்போய் எழுந்துவிட்டேனா? போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். போட்டுப் பார்க்காதவரை, அதில் எங்கேயோ அக்கா கொஞ்சம் மிச்சம் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டரில் சுற்றி வைத்ததும், பூஞ்சை என்று புளுகியதும் இதனால்தான். எனக்குப் பயமாக இருந்தது.

5

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பவரை அக்கா மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூவரும் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. சுவர் முழுக்க டெக்குகள், பாதிக்கு மேல் மூடி இல்லை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு மேசை விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கேசட்காரர் கையில் மெல்லிய துணி உறை போட்டிருந்தார். நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்களே சார். பூஞ்சையே இல்ல."

அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்," என்றார் அவர். "முப்பத்தெட்டு வருஷமா சும்மா கெடந்த நாடா. ஓட்டி முன்னாடி தள்ளினா அறுந்துரும். நடுவுல நிறுத்தினாலும் இழுத்துக்கும். முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம்தான். தொண்ணூத்தி நாலு நிமிஷம். பொறுமையா உக்காரணும்."

"உக்காரறோம்," என்றாள் அக்கா மகள்.

அக்கா என் காதருகே சாய்ந்தாள். "நாற்காலி ஆடுது, மாத்திக்கோ," என்றது காற்று.

(இந்த இடத்தில் அக்காவின் முகத்தில் ஏதோ ஒரு பாவம் தெரிந்ததாக எழுதியிருந்தேன்.)

[ஒரு பாவமும் தெரியலை. எனக்குத் தாகமா இருந்துச்சு.]

6

திரை நீலமானது, வெளுத்தது. பாலைவனச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தோள்.

பிறகு, யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். உடையாத ஒரு பையன் குரல், மிகவும் பொறுப்பாக:

"பதிவு தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. பேசுவது நான்தான்."

திருட வந்தவன் வாசலில் நின்று பேரும் நேரமும் சொல்லிவிட்டுப் போனது எங்கள் குடும்பத்தில்தான் நடந்திருக்கும். அக்கா மகள் என் பக்கம் திரும்பினாள்.

"இது நீங்களா மாமா? அம்மா எங்க?"

"இரு," என்றேன். "வருவா."

வரவில்லை. பத்தாவது நிமிடத்தில் தோளின் தம்பி செத்தான், "ஆ" என்றேன். இருபதாவது நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து பாய்ந்தது. பாயும்போது ஓட்டுகிறவனுக்கு மீசை இருந்தது, இறங்கும்போது இல்லை. நாற்பதாவது நிமிடத்தில் பொம்மை ஹெலிகாப்டரைத் தாங்கும் கயிறு தெளிவாகத் தெரிந்தது. ஒரே செம்பட்டைத் தாடிக்காரர் மூன்று இடத்தில் மூன்று உடையில் செத்தார். அந்த வயதில் இதெல்லாம் கண்ணில் படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பையன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருந்தான். நர்ஸாகப் பேசும்போது கீச்சுக்குரல். கண்ணாடியாகப் பேசும்போது அப்பாவின் குரல். கேசட்காரர் இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. அக்கா மகள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, ஒவ்வொரு காட்சி மாறும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் தாண்டியது. பையனுக்கு அலுக்கவே இல்லை. 'போதும்டா, எழுந்து போடா,' என்று மனத்துக்குள் அவனைக் கெஞ்சினேன்.

எண்பத்தோராவது நிமிடத்தில் தோள் வெடிகுண்டைக் கண்டுபிடித்தான்.

7

இங்கே நிறுத்துகிறேன். மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: நாடா அறுந்துவிடுகிறது. கேசட்காரர் தலையில் கை வைக்கிறார்.

[பொய். அந்த மனுஷன் தொழில்ல கெட்டிக்காரர்.]

இரண்டாவது முடிவு: பையன் அந்த நிமிடத்தில் களைத்துப்போய்ப் பொத்தானை விட்டுவிடுகிறான். சட்டென்று பதினைந்து வயது அக்கா, தோளின் குரலில், "டேய் கண்ணாடி! எங்கடா ஓடற?" என்று அறை அதிர முழங்குகிறாள். அக்கா மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது நானும் அழுதேன்.

[நல்லாத்தான் இருக்கு. நடக்கலையே.]

மூன்றாவது முடிவு: பையன் கடைசிவரை பேசி முடிக்கிறான். படம் முடிகிறது. அக்காவின் ஒரு வசனம்கூட மிச்சமில்லை. மூவரும் பஸ் ஏறுகிறோம்.

[இதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா அந்த நாலு நிமிஷத்தை முழுங்கிட்ட. எழுது.]

எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் அக்கா. கதை எழுதுகிறவன் கண்டுபிடித்தது மாதிரியே இருக்கிறது.

[எழுதுடா.]

8

வெடிகுண்டில் ஒரு கடிகாரம். அதில் பன்னிரண்டு வினாடி மிச்சம். அந்தப் பன்னிரண்டு வினாடியைப் படத்தில் நாலு நிமிடம் ஓட்டுகிறார்கள். தோளின் நெற்றியில் வியர்வை, சிவப்பு ஒயர், பச்சை ஒயர், மறுபடி நெற்றி. யாரும் பேசுவதில்லை. பேச ஆள் இல்லாததால் பையனும் பேசவில்லை. பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. தூரத்தில் ஒரு பாத்திரச் சத்தம் கேட்டது.

அப்புறம், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதட்டலாக, ஊருக்கே கேட்கிற மாதிரி:

"டேய்! சாப்பிட வா!"

அக்கா மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வரல, போடி," என்றான் பையன்.

கதவு திறக்கும் சத்தம். குரல் பக்கத்தில் வந்தது. "என்னடா பண்ற உள்ள?"

"ஒண்ணுமில்ல."

ஒரு இடைவெளி. திரையில் தோள் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"சரி. முடிச்சிட்டு வா. உனக்கு எடுத்து வைக்கிறேன்."

கதவு சாத்தும் சத்தம். தோள் ஒயரை வெட்டினான். பையன் மறுபடி பேச ஆரம்பித்து, இறுதிவரை பேசினான். கண்ணாடி ஆற்றில் விழுந்தபோது "ஆ" என்று அவனே கத்தினான்.

"இதுதானா?" என்றாள் அக்கா மகள். அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், என்னை அல்ல. "இவ்ளோ சத்தமாவாம்மா பேசுவ நீ? நான் என்னமோ மெதுவா, மென்மையா இருக்கும்னு... ஐயோ, இப்படி அதட்டற!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கேசட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்து முடித்த டெக் ஒன்றை மறுபடி துடைத்தார்.

அந்தப் பையன் அவளை அழிக்க உட்கார்ந்திராவிட்டால், அந்த மைக் அங்கே திறந்திருக்காது. இதிலிருந்து அவனுக்கு ஏதாவது மன்னிப்புத் தேறுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தேறாது என்றுதான் படுகிறது. தொண்ணூற்று நாலு நிமிடத்தை எடுத்துக்கொண்டு பதினொரு வினாடியைத் திருப்பித் தந்திருக்கிறான்.

வெளியே தெருவுக்கு வந்ததும் அக்காவிடம், "உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். தெரு இரைச்சலில் அவள் பதில் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தைத் திருத்தும்போது ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

[கதவைத் திறந்தேனே, பார்க்காம இருப்பேனா? மைக்கைக் கையில வச்சிட்டு ஒண்ணுமில்லங்கற. நாலு சாத்து சாத்தலாம்னுதான் வந்தேன். ஆனா அன்னைக்குத்தான் நீ முதல் தடவையா சாகாம நின்னுட்டு இருந்த.]

9

முடிவு என்று தனியாக ஒன்று எழுத எனக்கு வரவில்லை. அந்தப் பதினொரு வினாடி இப்போது அக்கா மகளின் போனில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. அக்கா மறுபடி கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. மேலே எட்டாவது பகுதியில் அந்த வார்த்தைகளை எழுதிவிட்டேன். வார்த்தைதான் தாளில் ஏறியது, குரல் ஏறவில்லை. நீங்கள் இதுவரை எல்லாவற்றையும் வாய் அசையாமல்தான் படித்திருப்பீர்கள். ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். வீட்டில் ஆள் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு கதவு சாத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டு, கீழே உள்ளதை வாய்விட்டுப் படியுங்கள்.

"டேய், சாப்பிட வா."

[இன்னும் சத்தமா.]